சருமமும் சந்ததியும்

நாட்டில் விவாதத்துக்குரிய பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, ஒரு சரும வியாதியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். காரணம் சொல்கிறோம். ஒரு கேடு விளையப் போகிறது; ஆறு மாதம் முந்தி வாய் திறந்து பேசினால் அதைத் தடுத்துவிடலாம்; ஆயினும் வெட்கத்தினால் எவரும் பேசுவதில்லை. இத்தகைய விஷயத்தில் மௌனம் சாதிப்பது பத்திரிகைக்குத் தருமமாகாது. தேச ஊழியத்தில் ஈடுபட்டவர்கள் பொதுக்கூட்டங்களில் பெண்களின் உரிமையைப் பற்றி முழங்குகிறார்கள். தங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் மாத்திரை என்னவென்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நாம் குறிப்பது, டாக்டர்கள் சொரியாசிஸ் என்றும், சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்றும் கூறும் நோயை. முழங்கை, முழங்கால், முதுகின் அடிப்புறம், தலை ஆகிய இடங்களில் சிவந்த தடிப்புகள் தோன்றி, அவற்றின்மேல் வெள்ளி நிறமான செதில்கள் படிந்து உதிரும். சாதாரணமாக மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளச் சுமார் 28 நாள் பிடிக்கிறது. இந்நோயில் அந்த வேலை மூன்று முதல் ஐந்து நாளில் முடிந்துவிடுவதால், பழைய தோல் உதிருமுன் புதிய தோல் மேலே வந்து குவிகிறது. வெளியிலிருந்து புகுந்த கிருமி இதற்குக் காரணமில்லை. பகைவனை எதிர்க்க வேண்டிய தேகத்தின் காவற்படை தன் குடிகளையே தாக்குவதால் வருவது இது. உலகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்நோய் உண்டு என்று மதிக்கப்படுகிறது. இந்தியாவில் வயது வந்தோரிடையே எடுத்த கணக்குகள் நூற்றுக்கு 0.44 முதல் 2.8 வரை காட்டுகின்றன. 2014-ஆம் வருஷத்தில் உலக சுகாதார மகாசபை இதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் அகப்படவில்லை. அடக்கி வைக்கும் மருந்துகள் பல உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இது நாற்பது வயதுக்கு முன்னரே ஆரம்பிக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை, விவாகமும் மகப்பேறும் நிகழ்கிற காலம் அதுவே.

ஒட்டுவாரொட்டி அல்ல

முதலில் ஒரு பிழையைக் களைவோம். இது தொட்டால் தொற்றும் நோயல்ல. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே துண்டால் துடைத்துக்கொண்டாலும் பரவாது. கர்ப்பிணியிடமிருந்து வயிற்றிலுள்ள சிசுவுக்கும் இது ஒட்டிக்கொள்வதில்லை. பல நூற்றாண்டுகளாக மேல்நாட்டு வைத்தியர்களே இதைப் பெருநோயுடன் சேர்த்துக் குழப்பினார்கள். வியன்னா நகரத்து ஹெப்ரா என்ற வைத்திய நிபுணர் 1841-இல் இரண்டும் வேறு என்று தெளிவுபடுத்தினார். அவர் தெளிவுபடுத்தி ஏறக்குறைய 185 வருஷங்கள் ஆகியும், நம் தெருக்களில் அந்தக் குழப்பம் இன்னும் தெளியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் வாழ்வோருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆசாரியரான ஆளவந்தாரின் ராஜபிளவை நோயைத் தாமே வேண்டி ஏற்றுக்கொண்ட மாறனேர் நம்பியின் சரித்திரத்தைக் குருபரம்பரை கூறுகிறது. அவருக்கு, குலத்தைப் பாராமல், பெரிய நம்பி இறுதிக் கடன் செய்தார் என்பதும் அதிலேயே உள்ளது. பிறருடைய சரும நோயைக் கேட்டு வாங்கிய அடியார் வாழ்ந்த ஊரில், தொற்றாத ஒரு நோய்க்காக ஒரு பெண்ணுக்குத் தனித் தட்டு வைப்பது எந்தச் சம்பிரதாயம்?

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தில் பெருநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. 2019-இல் பார்லிமெண்டு அதையும் நீக்கிவிட்டது. சொரியாசிஸ் அந்தப் பட்டியலில் எக்காலத்தும் இடம் பெற்றதில்லை. பெருநோயையே காரணமாகக் கொள்ள மறுத்துவிட்ட சட்டத்தின் நிழலில், சொரியாசிஸைச் சொல்லி மருமகளை மிரட்டுவோர் சட்டத்தையும் அறியார், வைத்தியத்தையும் அறியார்.

கலியாண மருந்து

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். சொரியாசிஸ் உள்ள பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது வீட்டில் நடப்பது என்ன? நோயைச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். முகூர்த்த நாளுக்குள் தோல் தெளிய வேண்டும் என்று வைத்தியரை நெருக்குகிறார்கள். களிம்பு தாமதமாக வேலை செய்யும். ஆகவே மாத்திரை கேட்கிறார்கள். தோலும் தெளிகிறது, கலியாணமும் நடக்கிறது. புக்ககத்தில் நோயை மறைக்க வேண்டியிருப்பதால், பெண் அந்த மாத்திரையை இரகசியமாகத் தொடர்கிறாள். மூன்றாம் மாதத்திலேயே உற்றார் உறவினர், “விசேஷம் ஏதாவது உண்டா?” என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். கலியாணத்துக்காகத் தோலைத் தெளிவித்த மருந்து, கர்ப்பத்துக்கு விஷம் என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்ன இடத்திலும், அதைக் கணவனிடம் எடுத்துரைக்க அவளுக்குத் துணிவில்லை.

அந்த மருந்துகளில் பிரதானமான இரண்டை நேயர்கள் பெயரோடு அறிந்திருக்க வேண்டும். ஒன்று மெதோட்ரெக்ஸேட்; வாரத்துக்கு ஒரு முறை உட்கொள்வது. கருவைச் சிதைக்கவும், தப்பிய சிசுவுக்கு அங்கஈனம் உண்டாக்கவும் வல்லது. இதை உட்கொண்ட ஸ்திரீ கடைசி மாத்திரைக்குப் பின் 6 மாதம் கருத்தரிக்கலாகாது என்று மருந்துக் குறிப்பு கூறுகிறது. சில வைத்திய சங்கங்கள் இதனினும் குறைந்த காலத்தைச் சொல்கின்றன. எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மற்றொன்று அசிட்ரெடின். இது மாத்திரையை நிறுத்திய பின்பும் தேகத்தில் நெடுங்காலம் தங்கக்கூடியது. நிறுத்தியதிலிருந்து 3 வருஷம் கர்ப்பம் கூடாது என்பது விதி. ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இதைக் கொடுப்பதே பெரும்பாலும் தகாது. பதினெட்டு வயதில் ஆரம்பித்து, இருபத்தொன்றில் நிறுத்தி, இருபத்திரண்டில் மணம் செய்துகொண்டவளுக்கு அந்தக் கெடு இன்னும் தீரவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். இவற்றோடு, தற்காலத்தில் பரவலாகக் கொடுக்கப்படும் அப்ரெமிலாஸ்ட் என்ற மாத்திரையும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியதே.

சுப்பாராவ் தந்த இரண்டு பொருள்கள்

மெதோட்ரெக்ஸேட்டின் வரலாறு நம் தேசத்தோடு பின்னிப் பிணைந்தது. 1928-இல் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில மாது பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளைக் கொல்லும் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். நமது குன்னூரிலும் இருந்து வேலை செய்தார். ஈஸ்டுச் சத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931-இல் வெளியிட்டார். பின்னர் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது அப்பொருளே.

அதை ஆராய்ச்சிச்சாலையில் செய்துகாட்டிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மகாத்மாவின் அழைப்பைக் கேட்டுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றதால் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் சிறிய பட்டத்தோடு வெளியேறியவர். அமெரிக்கா சென்ற அவரது தலைமையில் 1945-இல் ஃபோலிக் அமிலம் உருவாயிற்று. அதே ஆராய்ச்சிச்சாலையில், ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பகைப்பொருளும் உருவாயிற்று. அதன் நெருங்கிய உறவே மெதோட்ரெக்ஸேட். 1948-இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை அமினோப்டெரின் தற்காலிகமாகவேனும் அடக்கியது. 1951-இல் மூட்டு வாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களிற் சிலருடைய சொரியாசிஸும் தெளிந்ததை வைத்தியர்கள் கண்டார்கள். அடுத்த வருஷமே, அது கருவைச் சிதைப்பதும் சிசுவை ஊனமாக்குவதும் வெளியாயிற்று.

இதன் தத்துவம் எளிது. விரைந்து பெருகும் உயிரணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. சொரியாசிஸ் தோலும் விரைந்து பெருகுகிறது; கருவும் விரைந்து பெருகுகிறது. தோலை அடக்கும் மருந்துக்குக் கருவை வேறுபடுத்தி அறியத் தெரியாது. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போயிற்றே என்று பெண் எண்ணத் தொடங்கும்போது அந்த வேலை பாதி முடிந்துவிடுகிறது. கர்ப்பம் உறுதியான பிறகு மருந்தை நிறுத்தலாம் என்பது, வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் அணை கட்டலாம் என்பது போன்றது. காவிரிக் கரையில் வாழும் நமக்கு அதன் பொருள் தெரியும்.

எனவே ஏற்பாடு முன்கூட்டியே நடக்க வேண்டும். பிள்ளை வேண்டும் என்று தம்பதிகள் எண்ணும்போதே சரும வைத்தியரையும் பிரசவ வைத்தியரையும் ஒருங்கே கலந்து பேசி, மருந்தை மாற்றி, வேண்டிய காலம் கழித்து, ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கி, நோய் அடங்கியிருக்கும் சமயத்தில் கருத்தரிப்பதே உத்தமம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உடல் எடையையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்நோய் உள்ளவர்களிடம் அக்கோளாறுகள் அதிகம். எதிர்பாராமல் மருந்தின் நடுவே கர்ப்பம் நேர்ந்துவிட்டால், உடனே மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும். அவ்வாறு நேர்ந்த கர்ப்பங்கள் எல்லாம் கெட்டுப்போவதில்லை. பயத்தினால் மறைப்பதுதான் மேலும் கெடுதலை விளைவிக்கும்.

பத்து மாதம்

கர்ப்பகாலத்தில் நோய் என்ன ஆகும்? 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் தணிந்தது. 21 பேருக்கு மாறுதலில்லை. 23 பேருக்கு அதிகரித்தது. பாதிப் பேருக்கு இயற்கையே வைத்தியம் செய்துவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி. மற்றவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. தேங்காயெண்ணெய், வாஸலின் போன்ற ஈரங்காக்கும் பூச்சுகளைத் தாராளமாகத் தடவலாம். குளித்த ஈரம் முற்றும் உலர்வதற்குள் தடவுவது நலம். சொறிவதைத் தவிர்க்க வேண்டும். கீறிய இடத்திலெல்லாம் புதிய தடிப்பு எழுவது இந்நோயின் சுபாவம். மென்மையான, நடுத்தரமான ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சொல்லும் அளவில் பூசலாம். குளோபிடாசோல் போன்ற கடுமையான களிம்புகளைக் கர்ப்பகாலத்தில் மொத்தம் 300 கிராமுக்கு மேல் உபயோகித்தவர்களிடம் சிசுவின் எடை குறைந்திருக்கக் கண்டார்கள். கடைக்காரர் கொடுத்த குழாயை மாதக்கணக்கில் தேய்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2018-இல் மத்திய சர்க்கார் பல ஸ்டீராய்டு களிம்புகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்திருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது.

களிம்புக்கு அடங்காத நோய்க்கு, குறுகிய அலைவரிசைப் புறஊதா ஒளியைக் குறித்த நேரம் உடலில் படச் செய்யும் சிகிச்சை கர்ப்பிணிக்குத் தகுந்தது என்று வைத்திய உலகம் ஒப்புகிறது. ஒளி தேகத்திலுள்ள ஃபோலிக் அமிலத்தைக் குறைத்துவிடக்கூடும். ஆதலால் அதைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். அதற்கும் மிஞ்சினால் சைக்ளோஸ்போரின் உண்டு. இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்துக்கொண்டு கொடுப்பார்கள். புதிய ஊசி மருந்துகளில் செர்டோலிசுமாப் என்பது நஞ்சுக்கொடியைக் கடந்து செல்வது மிகச் சொற்பம் என்று கண்டிருக்கிறார்கள்.

ஓர் அபாயத்தை மட்டும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில், தொடையிடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் சிவந்து, சிறு சிறு சீழ்க்கொப்புளங்கள் வட்ட வட்டமாகக் கிளம்பி, காய்ச்சலும் நடுக்கமும் கண்டால், அது தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்தான வகை. ஹெப்ராவே 1872-இல் இதை வருணித்தார். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை கட்டி வீட்டில் வைத்திருக்கலாகாது. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ நெடுநாள் எடுத்துத் திடீரென்று நிறுத்துவதும் இவ்வகை கிளம்புவதற்கு ஒரு காரணம்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை குறைபடும். நமது முன்னோரின் சாஸ்திரத்தில் நமக்கு மதிப்புண்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரிக்குச் சந்நிதி இருக்கிறது. ஹொய்சளர் காலத்திலேயே அங்கு ஆரோக்கியசாலை ஏற்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. மதிப்பு இருப்பதனாலேயே ஜாக்கிரதையும் வேண்டும். கார்போகரிசியில் உள்ள சோராலென் என்ற பொருளை ஒளியோடு சேர்த்துச் சொரியாசிஸைத் தணிக்கலாம் என்று 1974-இல் அமெரிக்க வைத்தியர்கள் உலகறியச் செய்தார்கள். ஆயினும் கர்ப்பிணிக்கு அந்தச் சிகிச்சையைத் தவிர்க்கிறார்கள். இரசகந்தி மெழுகு போன்றவற்றில் பாதரசம் சேர்கிறது. மூலிகை என்றும் பரம்பரை என்றும் கேட்டவுடன், வயிற்றில் பிள்ளையுள்ளவள் எதையும் விழுங்கலாகாது. தேர்ந்த சித்த வைத்தியர் எவரும் இதை மறுக்க மாட்டார்.

பிரசவத்துக்குப் பின்

முன் சொன்ன ஆராய்ச்சியிலேயே, பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 65 பேருக்கு நோய் மிகுந்தது. பிள்ளைக்குக் கண் விழித்து உடல் சோர்ந்திருக்கும் வேளையில் தோல் பொங்கி எழுகிறது. பத்தியம் தவறினாள் என்று அவளைக் குறை கூறுவது அநியாயம். பால் கொடுக்கும் காலத்திலும் மெதோட்ரெக்ஸேட் கூடாது. களிம்பும் ஒளியும் ஆகும். மார்பில் பூசிய களிம்பைக் குழந்தை வாய் வைக்குமுன் துடைத்துவிட வேண்டும்.

இன்னொன்று நம் நாட்டுக்கு மிகவும் முக்கியம். புதிய ஊசி மருந்துகளில் பல, கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேர்ந்து அதன் எதிர்ப்புச் சக்தியை மந்தப்படுத்துகின்றன. அத்தகைய குழந்தைக்கு உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகளை 6 மாதம் வரையிலும், சில ஊசிகளைப் பொறுத்தவரை ஒரு வருஷம் வரையிலும், தள்ளிப்போட வேண்டும். இங்கோ, பிறந்தவுடன் பி.சி.ஜி. குத்துவது வழக்கம், காசநோய் மலிந்த நாட்டில் அது நல்ல வழக்கமே. ஆனால் தாய் எந்த ஊசி போட்டுக்கொண்டாள் என்பது பிரசவ அறையில் தெரியாவிட்டால், காக்க வந்த மருந்தே குழந்தைக்குக் கேடு செய்யலாம். புக்ககத்தில் மறைத்தது ஆஸ்பத்திரியிலும் மறைந்துபோவது இப்படித்தான்.

செய்ய வேண்டியவை

திருச்சி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்று பெயர். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் பிரசவ வேதனைப்பட்ட இரத்தினாவதிக்கு, ஈசன் தாயின் உருவில் வந்து துணை நின்றான் என்பது தல வரலாறு. கர்ப்பிணிகளுக்காக வாழைத்தார் சமர்ப்பித்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இன்றும் நடக்கிறது. தாய் ஒருத்தி மட்டும் அறிந்த நோயோடு ஒரு பெண் புக்ககம் வருகிறாள். அந்தத் தாயின் ஸ்தானத்தில் நிற்கக் கடமைப்பட்டவர்கள் கணவனும் மாமியாரும். பெண் வீட்டார் நிச்சயத்துக்கு முன்பே நோயைச் சொல்லட்டும். பிள்ளை வீட்டார் அதைக் காரணமாக்கிச் சம்பந்தத்தை முறிக்காதிருக்கட்டும். பரம்பரைப் பயம் பேசுவோருக்குக் கணக்கே பதில்: பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 14, இருவருக்கும் இருந்தால் சுமார் 40. ஒருவருக்கு இருக்கும் குடும்பத்திலும் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன.

ஆடவர்களும் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் வருகிறது. மெதோட்ரெக்ஸேட் உட்கொள்ளும் ஆணும் நிறுத்திய பின் 3 மாதம் பொறுக்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பு கூறுகிறது. ஆணின் மூலமாகச் சிசுவுக்குத் தீங்கு வருவதற்குப் பிந்திய ஆராய்ச்சிகளில் தெளிவான சான்று கிடைக்கவில்லையாயினும், வைத்தியரைக் கேட்காமல் தாமே முடிவு செய்வது முறையல்ல. தன் படையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வீடு வீடாகப் பெண் பார்க்கப் போகிறவன், பெண்ணின் முழங்கையை உற்றுப் பார்க்க என்ன யோக்கியதை உடையவன்?

சர்க்காரிடம் நாம் கேட்பவை மூன்று. மெதோட்ரெக்ஸேட், அசிட்ரெடின் ஆகிய மாத்திரைகளின் அட்டையில், “கருத்தரிக்கக் கூடியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் உட்கொள்ளாதீர்கள்” என்று பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட வேண்டும். கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும்போதும், அதற்கு முன் புதுத் தம்பதிகளைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் சந்திக்கும்போதும், “தோல் நோய்க்கு மருந்து உண்டா?” என்ற ஒரு கேள்வியைத் தனிமையில் வைத்துக் கேட்க வேண்டும். ஜில்லாதோறும் அரசு ஆஸ்பத்திரியில் ஒளிச் சிகிச்சை தடையின்றிக் கிடைக்க வேண்டும். கர்ப்பிணிக்குத் தீங்கற்ற வழி பணக்காரருக்கு மட்டும் திறந்திருப்பது சுயராஜ்யத்துக்கு அழகல்ல.

1930 ஏப்ரல் 13-ஆம் தேதி இந்தத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை புறப்பட்டது. அதில் ராஜாஜிக்குத் துணை நின்றவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜன், 1937-இல் சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதார மந்திரியானவரும் அவரே. சுதந்திரப் போரையும் ஜனங்களின் ஆரோக்கியத்தையும் அவர் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் வழி வந்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்வோர், இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யட்டும். மனைவியையோ மகளையோ மருமகளையோ கடிந்துகொள்ளாமல், அன்போடு, என்ன மருந்து உட்கொள்கிறாய் என்று கேட்கட்டும். பதில் வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போகட்டும். அவள் தனியே போகும்படி விட வேண்டாம்.